கோவிந்தராசு சைவமான கதை

கருவாட்டு மூட்டைகளை எங்கே ஒளிப்பது என்பதுதான் கோவிந்தராசுவின் பிரச்சினை. முதலியார்பேட்டையில் கருவாட்டு மொத்த வியாபாரி அவர். வீட்டின் முன்னறைதான் கிடங்கு. எண்பத்திமூன்றாம் வருஷத்தில் மட்டும் அவர் மகளைப் பார்க்க வந்த மூன்று மாப்பிள்ளை வீட்டாரும் வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிவிட்டார்கள்.

எதிர்வீட்டு ஒகுஸ்த், பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர், முந்தின நாள்தான் சொன்னார்.

"என் மச்சான் ஜான்-பத்திஸ்த் பிரெஞ்சுக்காரன் தீவுலேர்ந்து வந்திருக்கான். அங்க ஒரே டூரிஸ்ட் கூட்டம், ஓட்டலு மேல ஓட்டலா கட்றாங்க. தீவுக்குச் சரக்கு வாங்கி அனுப்புறதுதான் அவன் தொழிலு. நாளைக்கு உன்னப் பாக்க வரான்."

என்ன சரக்கு என்று கோவிந்தராசு கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. டூரிஸ்ட் என்றால் சிப்பிச் சாமான்தானே, பீச்சில் வெள்ளைக்காரர்கள் அதைத்தானே வாங்குகிறார்கள் என்று அவரே முடிவு கட்டிவிட்டார். இந்த ஆர்டர் கிடைத்தால் கருவாட்டுக்குத் தலைமுழுகிவிடலாம். மகள் கழுத்திலும் தாலி ஏறும்.

மூட்டைகள் பக்கத்து வீட்டு அஞ்சலாட்சியிடம் போயின. பீச்சுக் கடையில் கடனுக்கு வாங்கிய சிப்பி விளக்குகளும் சங்கு மாலைகளும் முன்னறைக்கு வந்தன. வாடை மட்டும் போகவில்லை.

மனைவி வீராயி சாம்பிராணி போட்டாள். கருவாடு சுட்ட மாதிரி ஆயிற்று. பினாயில் ஊற்றிக் கழுவினாள். ஆஸ்பத்திரியில் கருவாடு சுட்ட மாதிரி ஆயிற்று.

"செண்டு தெளிக்கட்டா?"

"வேணாம் தாயி. இதோட விட்டுடு."

ஜான்-பத்திஸ்த் வந்தார். சிப்பி விளக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது எதுக்குங்க? எங்க தீவுல கால வச்சா இதான் குத்துது."

கொல்லன் தெருவில் ஊசி விற்கப் பார்த்தது அப்போதுதான் கோவிந்தராசுவுக்கு உறைத்தது. அவசரமாகத் தேங்காய் ஓட்டுக் குரங்கு ஒன்றை நீட்டினார்.

"தென்னையும் அங்க இருக்குதுங்க." வந்தவர் மூக்கை உறிஞ்சினார். "கருவாட்டு வாசன வருதே?"

கோவிந்தராசு எழுந்து பக்கத்து வீட்டைப் பார்த்த சன்னலைச் சாத்தினார். நாலாவது ஆளும் மூக்கைப் பொத்தப்போகிறான்.

"அது பக்கத்து வீடுங்க. நாங்க சுத்த சைவம். கருவாட்டக் கண்ணால பாத்ததில்ல."

வந்தவர் முகம் தொங்கிப்போயிற்று. "அப்படிங்களா. பர்தோன், மன்னிச்சுக்குங்க," என்று எழுந்து, வைத்த காப்பியைக்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

சைவம் என்று சொல்லியும் நிற்கவில்லையே என்று கோவிந்தராசு மாலை வரை புலம்பினார். விளக்கேற்றும் நேரத்துக்கு அஞ்சலாட்சி வந்து ஒரு காகிதப் பொட்டலத்தை அவர் முன்னால் வைத்தாள்.

"உங்க மூட்டைக்கு ஆன காசுண்ணே. தீவுல புடிக்கிற மீனெல்லாம் டூரிஸ்ட்டு தட்டுக்குப் போயிடுதாம், ஊர்க்காரங்களுக்குக் கருவாடுதான் கதியாம். உங்க வீட்டுலேர்ந்து நேரா எங்கிட்ட வந்த தீவுக்காரரு, மாசாமாசம் கப்பல்ல அனுப்பச் சொல்லிட்டாரு. நீங்கதான் கருவாட்டக் கண்ணால பாத்ததில்லன்னுட்டீங்களாமே, அதான் ஆர்டர என் பேருலயே எழுதிக்கிட்டாரு."