மண்டபத்து வீட்டைக் கைமாற்றிய மச்சானுக்கு

பம்மல்,
ஞாயிற்றுக்கிழமை காலை.

அன்பு மச்சான் அஸ்கருக்கு ஹிதாயத்துல்லா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். ஸலாம் சொல்வது கடமை, சொல்லிவிட்டேன். நலம் விசாரிப்பதைக் கோபம் தணிந்த பிறகு வைத்துக்கொள்கிறேன்.

எனக்கும் உன் அக்காளுக்கும் என்று பேசி முடித்த கடலோர வீட்டை, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், யாரோ ஓர் இறால் கம்பெனி சூப்பர்வைசருக்கு வாடகைக்கு விட்டுவிட்டாய். இது அநியாயம். போனில் கேட்டால் “டவர் கிடைக்கல மச்சான்” என்று வைத்துவிடுகிறாய். கடிதத்துக்கு டவர் வேண்டாம்.

நான் வரமாட்டேன் என்று நீயாக எப்படி முடிவு கட்டினாய்? உன் அக்காள் ஷம்சாத்தைக் கட்டிக்கொண்ட புதிதில் மண்டபம் வந்தேனே, அன்றைக்கே நான் பாதி கிளம்பிவிட்டவன். பம்மலில் ஒரு தெரு முடிந்தால் இன்னொரு தெருதான் ஆரம்பிக்கும். உங்கள் ஊரில்தான் ஒரு தெரு முடிகிற இடத்தில் ஒன்றுமே இல்லாமல், வெறும் தண்ணீரும் வெளிச்சமும் இருந்ததைப் பார்த்தேன். அதன் பிறகு தோல் கிடங்குக் காற்றை மூக்கில் வாங்கிக்கொண்டு, மோட்டாருக்குள் செப்புக்கம்பி சுற்றிக்கொண்டு இத்தனை வருஷம் உட்கார்ந்திருந்தேன் என்றால், கை மட்டும்தான் இங்கே இருந்தது. பாம்பனில் புதுப் பாலம் கட்டி ரயில் திரும்ப ஓடுகிறது என்று பேப்பரில் படித்த அன்றே கடையை மூட முடிவு செய்துவிட்டேன். மகன் மொஹ்சின் மேடவாக்கத்தில் தன் அடுக்குமாடி வீட்டுக்கு வரச் சொன்னான். போய்ப் பார்த்தேன். ஜன்னலைத் திறந்தால் எதிர் வீட்டுக்காரரின் பனியன் தொங்குகிறது, கீழே தண்ணீர் லாரி உறுமுகிறது. அது புது ஊர் இல்லை, மாடியில் கட்டிய பம்மல்.

பிறகு ஏன் தாமதம் என்று கேட்பாய். ஊரை விட்டுப் போகிறவன் எல்லாரிடமும் முறையாகச் சொல்லிக்கொண்டு, தெரிந்தோ தெரியாமலோ செய்த தப்புக்கு மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தானே போக வேண்டும்? வீடு வீடாகப் போய்க் கேட்டேன். எங்கே போகிறேன் என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இந்த வயதில் ஒரு பாய் வாசலில் நின்று மன்னிப்புக் கேட்டால் அவர் ஹஜ்ஜுக்குத்தான் போகிறார் என்று எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். வீட்டுக்கு வீடு பிரியாணி போட்டார்கள். பெண்ணுக்கு வரன் அமையவும், பையன் பாஸாகவும் துஆ செய்யச் சொன்னார்கள், பேரீச்சம்பழமும் ஜம்ஜம் தண்ணீரும் கேட்டார்கள். கடைசியில் ஜமாஅத் செயலாளர் யூனிஸ் பள்ளிவாசலில் எனக்குச் சால்வை போர்த்தி, எந்த விமானம் என்று கேட்டான். தாம்பரத்தில் ராமேஸ்வரம் ரயில் ஏறி மண்டபத்தில் இறங்குகிறேன் என்றேன். “மண்டபமா? அங்க இன்னா பாய் கீது?” என்றான். கடல் இருக்கிறது என்றேன். “அதுக்கா பாய் நாங்க பிரியாணி போட்டோம்?” என்றான். சால்வையைத் திருப்பிக் கேட்கவில்லை, நல்ல மனிதன்.

இதைவிடப் பெரிய சங்கடம் பக்கத்து வீட்டுப் பட்டாபிராமன் சார். ரிட்டயர்டு வாத்தியார். அவருடைய கார் என் கேட்டை மறைத்து நிற்பது பற்றி எங்களுக்குள் பழைய தகராறு. மன்னிப்புக் கேட்கப் போனவன், ஒரு வேகத்தில் அவரையும் முழுசாக மன்னித்துவிட்டு வந்தேன். மறுநாளும் கார் அங்கேதான். போய்க் கேட்டால், “நீங்கதான் மன்னிச்சுட்டேளே பாய்” என்கிறார். மன்னித்த ஆளோடு எப்படிச் சண்டை போடுவது? சண்டை போடக்கூட வழியில்லாத ஊரில் எனக்கு இனி என்ன வேலை?

டிக்கெட்டும் எடுத்தேன். கிளம்பும் நாளில் அதே பட்டாபிராமன் சார் வீட்டு மோட்டார் புகைந்தது. வீட்டில் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் அவர் குடத்தோடு நின்றால் நான் ரயிலா ஏறுவேன்? மறுபடி டிக்கெட் எடுத்தேன், பள்ளிவாசல் மோட்டார் நின்றது. ஷம்சாத் கட்டிய மூட்டையை அவிழ்த்துச் சமைத்தாள். அவளுக்கு வர மனசில்லை என்று அப்போதே எனக்குப் பட்டது. நேற்றுக் கடை ஷட்டர் மேல் இருந்த போர்டை நானே ஏணி வைத்துக் கழற்றிவிட்டேன். இனி எந்த மோட்டாரும் என்னை நிறுத்த முடியாது.

ஆகவே நடக்க வேண்டியது இது. அந்த சூப்பர்வைசர் இந்த மாதத்துக்குள் காலி செய்ய வேண்டும், அதை நீ நேரில் போய்ச் சொல்ல வேண்டும். வீட்டுக்கு வெள்ளை அடிக்க வேண்டும், பச்சை கூடாது. கடல் பக்கத்து ஜன்னல் ஒட்டிக்கொண்டிருந்தால் ஆசாரியைக் கூட்டி வந்து திறக்க வைக்க வேண்டும். ஷம்சாத்துக்கு நீ போன் போட்டு அவள் மனசைத் தேற்ற வேண்டும். யூனிஸுக்கும் ஜமாஅத்துக்கும் நீயே விஷயத்தை விளக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, உங்கள் ஊரில் ஒருவரிடமும் நான் மோட்டார்க்காரன் என்று நீ மூச்சு விடக்கூடாது. தெருவில் நடக்கும்போது யாரும் என்னை நிறுத்தி, “பாய், எங்க வூட்டு மோட்டார் ஏர் புடிக்குது” என்று சொல்லக்கூடாது. எனக்கு அந்தத் தெருவின் கடைசிவரை ஒரு தடவை நிற்காமல் நடக்க வேண்டும்.

அல்லாஹ் உனக்கும் பிள்ளைகளுக்கும் குறைவில்லாத பரக்கத்தும், பெரியவர்களுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றும் புத்தியும் தருவானாக.

உன் மச்சான்,
ஹிதாயத்துல்லா

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்கு முன் இதை ஷம்சாத்துக்குப் படித்துக் காட்டினேன். அரிசி களைந்துகொண்டே கேட்டாள். “அந்த ஆள வைக்கச் சொன்னதே நான்தான். நீங்க எங்க கெளம்பப் போறீங்க, வீடு ஏன் பூட்டிக் கெடக்கணும்னு தம்பிகிட்ட சொன்னேன். நேத்து போர்டு எறங்கினதும் காலி பண்ணச் சொல்லிட்டேன். நான் எப்பவோ ரெடி” என்றாள். எனவே மேலே உன்னைத் திட்டியதெல்லாம் அவளுக்குச் சேர வேண்டியது. அவளைத் திட்ட எனக்குத் தைரியம் இல்லாததால் நீயே வைத்துக்கொள். வெள்ளிக்கிழமை ரயிலுக்கு வருகிறோம். தாம்பரம் ஸ்டேஷன்வரை பட்டாபிராமன் சார் கொண்டுவந்து விடுகிறார், அதே காரில். கேட்டை ஒட்டியே நிற்பதால் சாமான் ஏற்றச் சௌகரியமாக இருக்கிறது. தபால் எனக்கு முன்னால் வந்து சேரும் என்ற நம்பிக்கை இல்லாததால் கடிதத்தை நானே கையில் கொண்டுவருகிறேன். முதலில் படித்து வருத்தப்படு, பிறகு கட்டிப்பிடி.

சாமானோடு கொஞ்சம் செப்புக்கம்பியும் வைத்திருக்கிறேன். உங்கள் ஊரில் மோட்டாருக்குக் கம்பி சுற்ற யாராவது உருப்படியான ஆள் இருக்கிறார்களா? சும்மாதான் கேட்கிறேன்.