தேர் வேண்டி ஒரு மனு

புதுச்சேரி டவுனில் ஒரு டெலிபோன் ஆபீசு இருந்தது. அதில் ஒரு பலகை, நாற்பது கம்பி, ஒரு அருளானந்தம். நாற்பது பெரிய மனிதர் வீட்டுக் கம்பியும் அந்தப் பலகையில் வந்து முடியும். யார் யாரோடு பேசணுமோ அவர்களைச் சேர்த்து வைப்பது அருளானந்தம் வேலை. கம்பி அறுந்தால் ஒட்டுவது சாமிக்கண்ணு வேலை. இருவருக்கும் மேலே ஒரு துரை இருந்தார். அவருக்கு என்ன வேலை என்பது மட்டும் இதுவரை யாருக்கும் தெரியவரவில்லை.

அந்தப் பலகையைத் தொட்டால் சுள்ளென்று அடிக்கும். மின்சாரம் கொடுத்த சர்க்கார், பாட்டரி கொடுத்த சர்க்கார், பூமிக்கம்பி கொடுக்க மறந்துவிட்டது. அது ஒன்றும் மலையைப் பெயர்க்கிற வேலை இல்லை. கொல்லையில் ஆறடிக் குழி வெட்டி, கரியும் உப்பும் கொட்டி, ஒரு செப்புத் தகட்டைப் புதைத்து, அதிலிருந்து பலகைக்கு ஒரு கம்பி இழுத்தால் முடிந்தது. தப்பி வருகிற கரண்டும், இடியில் இறங்குகிற கரண்டும் நேரே மண்ணுக்குள் போய்விடும். தகடு இல்லையென்றால் அருளானந்தத்துக்குள் போகும்.

ஐப்பசி மழைக்கு ஒரு மாசம்தான் இருந்தது. அருளானந்தம் பெண்சாதி கன்னியம்மாள் சாமிக்கண்ணுவைத் தெருவிலேயே மடக்கினாள்.

"அண்ணே, போன மழையில அவரு காதுல மூணு நாளு வண்டு பறந்துச்சு. இந்த மழைக்கு ஆளே பறந்துட்டா நான் யாரைப் போய்க் கேக்கறது?"

சாமிக்கண்ணு மனு எழுதச் சொன்னான். குமாஸ்தா தனிஸ்லாஸ் பிரெஞ்சில் அழகாக எழுதிக் கொடுத்தார். பூமிக்கம்பி இறக்குவதற்கு அந்த பாஷையில் 'ப்ரீஸ் தெ தேர்' என்று பேர். துரை படித்தார். 'தேர்' என்றால் மண், மண் என்றால் நிலம், ஆகவே இது நில இலாகா சமாசாரம் என்று தீர்ப்பளித்து அனுப்பிவிட்டார்.

நில இலாகா வாசலில் சேவகன் மறித்தான். "என்னா வேணும்?"

"தேரு வேணும்."

"வில்லியனூர்த் தேரு வைகாசியிலயே போயிடுச்சே. இப்ப வந்து நிக்கிறியே!"

"அந்தத் தேரு இல்லைங்க. இது பிரெஞ்சுத் தேரு."

சேவகன் மரியாதையாக எழுந்து வழிவிட்டான்.

உள்ளே அதிகாரி சூசைநாதன், பிரெஞ்சு மரியாதைப்படி 'முசே', கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். "ப்ரீஸ்னா பிடிக்கிறது. தேர்னா நிலம். ஆக, நிலத்தைப் பிடிக்கணும். யாரு நிலம்?"

"நம்ம சர்க்கார் கொல்லைதான் முசே."

"அப்ப சர்க்கார் நிலத்தை, சர்க்கார்கிட்டேர்ந்து, சர்க்காருக்காகப் பிடிக்கணும். சர்க்காருக்கு ஆட்சேபணை உண்டான்னு சர்க்காரைக் கேக்கணும். பதினைஞ்சு நாள் கெடு."

தமுக்கு அடித்தார்கள். சர்க்கார் ஆட்சேபிக்கவில்லை. அதுவரைக்கும் டெலிபோன் ஆட்கள் கட்டைச் செருப்புப் போட்டுக்கொண்டு வேலை பார்க்கலாம் என்று ஒரு சுற்றறிக்கை மட்டும் வந்தது. பதினாறாம் நாள் முசே பேனாவைத் தோய்த்தார். "எவ்வளவு நிலம்?"

"ரெண்டடிக்கு ரெண்டடி. ஆழம் ஆறடி முசே."

பேனா நின்றுவிட்டது. "ஆறடியா? எதுக்கு?"

"புதைக்கத்தான்."

"அடப்பாவி! இதை முதல்லயே சொல்லக் கூடாதா? புதைக்கிறது மேரி ஆபீசு ஆச்சே!"

மேரி என்பது நகரசபை. அங்கே பிறப்பு, இறப்புப் பதிவெல்லாம் ராஜாங்கம் முசே கையில். அவர் நிமிர்ந்து பார்க்காமலே ஆரம்பித்தார்.

"பேரு?"

"செப்புத் தகடுங்க."

"அப்பன் பேரு?"

"கடையில வாங்கினது முசே."

"அனாதை," என்று எழுதிக்கொண்டார். "செத்து எத்தனை நாழி ஆச்சு?"

"அது சாகலைங்களே."

"என்னா, உயிரோட புதைக்கப் போறியா? காவலைக் கூப்பிடவா?"

மழைக்கு இன்னும் ஒரு வாரம்கூட இல்லை. சாமிக்கண்ணு தொண்டையைச் செருமிக்கொண்டான். "செத்துடுச்சு முசே. காத்தாலதான். பாவம்."

ராஜாங்கம் முசே முறைப்படி ஒரு நிமிஷம் எழுந்து நின்றார். உட்கார்ந்து மேற்கொண்டு படித்தார். "இங்க கம்பின்னு ஒண்ணு எழுதியிருக்கே?"

"தகட்டுலேர்ந்து அருளானந்தம் பலகைக்குப் போறது."

"அருளானந்தம் இருக்கானா, போயிட்டானா?"

"இருக்கான் முசே. அவன் இருக்கணும்னுதான் அலையறேன்."

"இருக்கிறவனுக்கும் புதைஞ்சவனுக்கும் நடுவுல கம்பி விடறதுக்குச் சட்டத்துல இடமே இல்லை. புதைச்சுக்கோ. கம்பி கூடாது." முத்திரை விழுந்தது.

தகடு சகல மரியாதைகளோடும் அடக்கமானது. துரை தொப்பியைக் கழற்றினார். அவர் செய்து ஊர் பார்த்த முதல் வேலை அதுதான்.

இரண்டாம் நாள் பகலிலேயே கடல் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. மின்னல் ஒன்று இறங்கியது. அருளானந்தம் கட்டைச் செருப்போடு பலகை முன்னால் உட்கார்ந்து ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தான். சாமிக்கண்ணு கம்பி வெட்டுகிற குறடை எடுத்துக்கொண்டு வெளிச்சுவருக்கு ஓடினான். ஒவ்வொன்றாக நாற்பது கம்பியையும் நறுக்கித் தள்ளினான்.

"மச்சான், வேலை போயிடும்யா!" என்று உள்ளேயிருந்து அலறல்.

"போவட்டும்! நீ காதுல மாட்டினதைக் கழட்டிட்டு வெளிய வா!"

அவன் வெளியே வந்து நின்றதும் இடி விழுந்தது. அறுந்து தொங்கிய கம்பியெல்லாம் சீறிச் சுருண்டு கருகின. அருளானந்தத்துக்கு ஒரு மயிரும் பொசுங்கவில்லை. கன்னியம்மாள் மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றினாள்.

மறுநாள் சீட்டுக் கிழியும் என்று இருவரும் காத்திருந்தார்கள். ஒரு புகாரும் வரவில்லை. பத்து நாள் ஆயிற்று, நாற்பது கம்பியும் அறுந்தபடியே கிடந்தன. அப்போதும் இல்லை. சாமிக்கண்ணுவுக்குப் பயத்தைவிடச் சந்தேகம் அதிகமாகிவிட்டது. பெரிய மார்க்கெட் பக்கத்தில் இருந்த ஒரு சந்தாதாரர் வீட்டுக்குப் போய் எட்டிப் பார்த்தான்.

கூடத்தில் விருந்தாளிகள். வீட்டுக்காரர் டெலிபோனைப் பிடித்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தார். "ஆங், சரி முசே! நான் சொன்னேன்னு பாரீசுக்கே சொல்லிடுங்க!" சாமிக்கண்ணுவைப் பார்த்ததும் வாய்ப்பக்கத்தைக் கையால் பொத்திக்கொண்டார். "என்னாப்பா?"

"கம்பி எப்படி இருக்குதுன்னு பாத்துட்டுப் போலாம்னு…"

"பிரமாதம்! முன்னெல்லாம் கொரகொரன்னு இருக்கும், குறுக்க எவனாவது பேசுவான். பத்து நாளா ஒரு இடைஞ்சலும் இல்லை."

நாற்பது வீட்டிலும் இதே பதில்தான். சூசைநாதன் முசே ராஜாங்கம் முசேயோடு தினம் அரைமணி பேசுவதாகச் சொன்னார். ராஜாங்கம் முசேயும் அதை மறுக்கவில்லை.

மாசக் கடைசியில் மேலிடத்துத் தாக்கீது வந்தது. ஒரு புகாரும் இல்லாமல் நடக்கும் ஒரே இலாகா இதுதான் என்றும், துரைக்குப் பதக்கம் என்றும், மேற்கொண்டு அறுபது டெலிபோன் அனுமதி என்றும் அதில் கண்டிருந்தது. அன்று சாயங்காலத்துக்குள் ஐம்பத்தொன்பது மனு குவிந்துவிட்டது. சாமிக்கண்ணு எல்லாவற்றையும் அடுக்கி வைத்தான். பிறகு தனிஸ்லாசைக் கூப்பிட்டு, அறுபதாவதைத் தன் பேரில் எழுதச் சொன்னான்.

கம்பி வேண்டாம், கருவி மட்டும் போதும், தெருவிலிருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி மாட்டித் தர வேண்டியது என்று அதில் தெளிவாகக் கேட்டிருந்தான்.