குழாய்க்கு வைத்த ஒப்பாரி

என் அப்பாவை நான் ஒருமுறை சாகடித்திருக்கிறேன். காலை பத்தரை மணிக்குச் செத்தவர் மத்தியானம் மூன்று மணிக்கு சைக்கிளில் திரும்பி வந்தார். இடையில் நடந்த அத்தனைக்கும் நானே பொறுப்பு. வேறு யார் தலையிலாவது கட்ட முடியுமா என்று இத்தனை வருஷமாக யோசித்துப் பார்க்கிறேன், வழியில்லை. (லூயி தலையில் கொஞ்சம் கட்டலாம். அவர் பாரிசில் இருக்கிறார், சண்டைக்கு வரமாட்டார்.)

எழுபதுகளின் பின்பாதி. முத்தியால்பேட்டையில் குடியிருந்தோம். அப்பா மில்லில் தறி ஓட்டினார். நான் பி.ஏ. முடித்துவிட்டு எனக்கு வேலை கேட்டு மனு எழுதிக்கொண்டும், மீதி நேரத்தில் தெருவுக்குத் தண்ணீர் கேட்டு மனு எழுதிக்கொண்டும் இருந்தேன். எங்கள் தெருமுனைக் குழாய் எட்டு மாதமாக வறண்டு கிடந்தது. பெண்கள் இரண்டு தெரு தள்ளிப் போய், அங்கிருப்பவர்களிடம் ஏச்சு வாங்கிக்கொண்டு குடம் நிரப்பி வந்தார்கள். நான் பதினோரு மனு எழுதினேன். அதில் ஒன்று பிரெஞ்சில். (பிரெஞ்சுக்காரர்கள் போய் இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஆனால் படித்த பிரெஞ்சை வேறு எங்கே காட்டுவது?) எல்லாவற்றுக்கும் ‘பரிசீலனையில் உள்ளது’ என்று ஒரே பதில் வந்தது.

அந்தச் சமயத்தில்தான் லூயி வந்து சேர்ந்தார். அடுத்த தெருக்காரர், பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பம், பாரிசில் படித்துவிட்டு கிடாரும் தாடியுமாக அம்மாவைப் பார்க்க வந்திருந்தார். எங்கள் தெருப் பெண்களைக் கூட்டி உட்காரவைத்து ஒரு கதை சொன்னார். அமெரிக்காவில் திராட்சைத் தோட்டங்களில் கூலி வேலை செய்கிற மெக்சிகோ வம்சத்து ஜனங்கள் இருக்கிறார்களாம். தங்களைச் சிக்கானோ என்று சொல்லிக்கொள்வார்களாம். அவர்களில் ஒரு பாட்டுக்காரர், கல்யாணத்திலும் சாவிலும் தன் ஜனங்கள் பாடிவந்த பழைய மெட்டுகளை எடுத்து, வார்த்தையை மட்டும் மாற்றி, வரப்போரமாக நின்று பாடினாராம். கூட்டத்துக்குக் கூப்பிட்டால் வராத கூலிக்காரர்கள் பாட்டுக்கு வந்தார்களாம். சங்கம் சேர்ந்ததாம், கூலி உயர்ந்ததாம்.

“மனு எழுதினா யாரும் படிக்க மாட்டான், மத்மொசேல். பாட்டுன்னா காது வேணாம்னாலும் கேக்கும்” என்று என்னைப் பார்த்துச் சொன்னார். (மத்மொசேல் என்றால் பிரெஞ்சில் குமாரி.) “சரி, நம்ம ஜனங்களோட பழைய பாட்டு எது?”

எனக்குத் தெரிந்ததெல்லாம் வானொலியில் வரும் சினிமாப் பாட்டு. அதை ஒப்புக்கொள்ள மனசு வரவில்லை. “நெறைய இருக்கு” என்று பொதுவாகச் சொல்லிவைத்தேன்.

“தாலாட்டு இருக்கு, ஒப்பாரி இருக்கு” என்றார் அஞ்சலையம்மா. பக்கத்து வீட்டுக்காரர். சுற்றுவட்டாரத்தில் எந்தச் சாவு என்றாலும் அவர் போய் உட்கார்ந்தால்தான் சாவுக்கு ஒரு களை வரும். தாலாட்டு வேண்டாம் என்று முடிவானது. நகராட்சி அலுவலகம் ஏற்கனவே தூங்கிக்கொண்டுதான் இருந்தது. ஆக, செத்துப்போன குழாய்க்கு அலுவலக வாசலில் உட்கார்ந்து ஒப்பாரி வைப்பது என்று தீர்மானம் ஆயிற்று.

பாட்டு எழுதும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். ‘நகராட்சியே, நின் நெஞ்சில் ஈரமில்லையோ’ என்று ஆரம்பித்து மூன்று பக்கம் எழுதிப் படித்துக் காட்டினேன். அஞ்சலையம்மா பொறுமையாகக் கேட்டார். “நல்லாத்தாம்மா இருக்கு. ஆனா இதுக்கு மூக்கு சிந்த வராது” என்றார். பிறகு அவரே உட்கார்ந்த இடத்தில் நாலு வரி கட்டினார்.

“விடியமுன்னே எழுப்புவீங்களே, என் ராசா,
வெங்கலக் கொடம் நெறைப்பீங்களே;
வாயடைச்சிப் போனீங்களே, என் ராசா,
வாசலெல்லாம் காஞ்சி போச்சே.”

அடுத்தது ஒத்திகை. அங்கேதான் சிக்கல். சாவு இல்லாத வீட்டில் ஒப்பாரி வைக்க எந்த வீட்டுக்காரி சம்மதிப்பாள்? தெருவில் ஒருத்தரும் இடம் கொடுக்கவில்லை. என் அம்மாவிடம் கேட்டேன். “உங்கப்பன் நல்லா இருக்கறது உனுக்குப் புடிக்கலையா?” என்றாள். பேச்சு முடிந்தது. ஆனால் மறுநாள் அப்பாவுக்குக் காலை ஷிப்டு. அம்மா மண்ணெண்ணெய் க்யூவுக்குப் போனால் மத்தியானம்வரை திரும்பமாட்டாள். சமுதாய மாற்றத்துக்கு அந்த நாலு மணி நேரம் போதும் என்று நினைத்தேன்.

காலையில் ஏழெட்டுப் பெண்கள் எங்கள் வீட்டுக் கூடத்தில் வட்டமாக உட்கார்ந்தார்கள். ஆம்பளை இருந்தால் அழுகை வராது என்று லூயியைச் சாயங்காலம் வரச் சொல்லிவிட்டார் அஞ்சலையம்மா. ஆனால் ஆம்பளை இல்லாமலும் வரவில்லை. இரண்டு தரம் தொடங்கி இரண்டு தரமும் சிரிப்பில் முடிந்தது.

“எதுர்ல ஒண்ணு கெடக்கணும்மா. செவுத்தப் பாத்து ஒப்பாரி வெச்சா செவுரா அழும்?” என்றார் அஞ்சலையம்மா.

என் மூளை வேலை செய்தது. (அது வேலை செய்யாத நாட்களில் எங்கள் குடும்பம் நிம்மதியாக இருந்திருக்கிறது.) பெஞ்சை நடுவில் இழுத்துப் போட்டேன். தலைக்குத் தலையணை, காலுக்கு இரண்டு விறகுக் கட்டை. குழாய்க்குத்தானே ஒப்பாரி, அதனால் நடுவில் ஒரு காலிக் குடத்தைப் படுக்கவைத்தேன். எல்லாவற்றுக்கும் மேலே அப்பாவின் சலவை வேட்டியைப் போர்த்தினேன். அஞ்சலையம்மா தலைமாட்டில் விளக்கேற்றினார். அப்பாவுக்கு நல்ல தொந்தி உண்டு என்பதும், குடம் சரியாக அந்த இடத்தில் அந்த அளவில் நிற்கிறது என்பதும் எனக்கு உறைக்கவே இல்லை.

இந்தத் தரம் பிரமாதமாக வந்தது. தலையை விரித்து, மார்பில் அடித்து, தோளோடு தோள் சேர்த்து அழுதார்கள். எட்டு மாதத் தண்ணீர்க் கஷ்டமும் வேறு பல கஷ்டங்களும் அதில் சேர்ந்து வந்தன. நானும் அழுதேன், கொஞ்சம் பெருமையாக.

அப்போதுதான் தவளக்குப்பம் கோவிந்தன் சித்தப்பா வந்தார். அப்பாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி. பெரிய மார்க்கெட்டில் கத்திரிக்காய் இறக்கிவிட்டு, மிச்சத்தை எங்கள் வீட்டில் கொடுத்துவிட்டுப் போவது அவர் வழக்கம். ஒப்பாரிச் சத்தம் கேட்டு ஜன்னலில் எட்டிப் பார்த்தார். பெண்கள், விளக்கு, வேட்டி, தொந்தி. ஓர் அடி உள்ளே வைத்திருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் அவர் முறை தவறாத மனிதர். சாவு வீட்டுக்குள் வெறுங்கையோடு நுழையக் கூடாதென்று, கத்திரிக்காய்ப் பையை வாசலிலேயே வைத்துவிட்டு மாலை வாங்க மார்க்கெட்டுக்குத் திரும்பிவிட்டார். பூக்கடையில் சொன்னார். மூட்டை தூக்குகிறவர்களிடம் சொன்னார். கடலூர் பஸ் கண்டக்டரிடம் சொல்லித் தவளக்குப்பம் கூட்டு ரோட்டில் சேதி சொல்லச் சொன்னார்.

“உள்ள வந்து பாத்திருக்கக் கூடாதா சித்தப்பா?” என்று பிற்பாடு கேட்டேன்.

“வெறுங்கையோட எப்பிடிம்மா வர்றது? அண்ணன் இன்னா நெனைப்பாரு?” என்றார்.

இது எதுவும் எங்களுக்குத் தெரியாது. ஒப்பாரி வைத்தால் தலைமுழுக வேண்டும் என்றார் அஞ்சலையம்மா. தெருவில் தண்ணீர் கிடையாது, பிரச்சினையே அதுதான். எனவே எல்லாரும் கடலுக்குப் போவதென்று முடிவானது. சாயங்காலம் லூயிக்குக் காட்டவேண்டும் என்று பெஞ்சை அப்படியே விட்டுவிட்டு, விளக்கை அணைக்காமல், கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். கடலில் முழுகினோம். கரையோரம் இருந்த அஞ்சலையம்மாவின் நாத்தனார் வீட்டில் மீன் குழம்புச் சோறு சாப்பிட்டோம். நான் இரண்டாம் தரம் குழம்பு வாங்கி ஊற்றிக்கொண்ட நேரத்தில், தவளக்குப்பம் ஜனங்கள் பஸ்ஸில் எனக்காக அழுதுகொண்டு வந்திருக்கிறார்கள்.

இரண்டரை மணிக்கு ஈரத் தலையோடு தெருவுக்குள் நுழைந்தோம். எங்கள் வீட்டு முன்னால் கூட்டம். வாசற்படியெல்லாம் மாலை. யாரோ மூங்கில் வெட்டிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் ஒரு பெரியம்மா ஓடிவந்து கட்டிக்கொண்டாள். “அப்பன உள்ள வெச்சிப் பூட்டிட்டு எங்கடி போன, பாவி! உன் மேல மீன் வாடை வேற அடிக்குதே!”

காலையில் வைத்த குடம் எனக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். எந்த முட்டாளுக்கும் வந்திருக்கும். எனக்கு வரவில்லை. அப்பா போய்விட்டார், மில்லில் ஏதோ ஆகிவிட்டது என்று மட்டும்தான் தோன்றியது. காலையில் அவர் கிளம்பும்போது நான் தலை நிமிரவில்லை, அஞ்சலையம்மாவின் பாட்டைப் படியெடுத்துக்கொண்டிருந்தேன். தெருவிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஒப்பாரி வரி ஒன்றுகூட வாயில் வரவில்லை. “அப்பா” என்ற ஒரு சொல்தான் வந்தது.

“மொதல்ல கதவத் தொற சரசு, மொகத்தப் பாக்கணும்” என்றார் சித்தப்பா, மல்லிகை மாலையோடு. சாவியை யாரோ என் இடுப்பிலிருந்து எடுத்துத் திறந்தார்கள். சித்தப்பா உள்ளே போய்த் தொந்திமீது மாலையைச் சாத்தினார். கும்பிட்டார். வேட்டியை விலக்கினார். உள்ளே குடம் இருந்தது.

அந்தக் குடத்தைப் பார்த்தபோது எனக்கு வந்த சந்தோஷம், பிற்பாடு வேலை கிடைத்தபோதும் வரவில்லை, பிள்ளை பிறந்தபோதும் வரவில்லை. குடத்தைக் கட்டிக்கொண்டு சிரித்தேன். கூட்டம் அதைத் துக்கத்தில் புத்தி பேதலித்தது என்று எடுத்துக்கொண்டது.

நான் விஷயத்தைச் சொல்லிப் புரியவைப்பதற்குள் வெளியே ஓர் அலறல் கேட்டது. தெருமுனையில் அப்பா சைக்கிளில் வந்துகொண்டிருந்தார். பின்னால் கேரியரில் அம்மா. வீதியில் அவரோடு சேர்ந்து நடக்கவே கூச்சப்படுகிறவள், அவர் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூங்கில் வெட்டியவர் கத்தியைப் போட்டுவிட்டு ஓடினார்.

மண்ணெண்ணெய் க்யூவில் யாரோ அம்மாவிடம் சேதி சொல்லியிருக்கிறார்கள். அவள் வீட்டுக்கு ஓடிவரவில்லை, மில்லுக்குப் போயிருக்கிறாள். “வூட்டுக்குப் போனா அழணும். மில்லுக்குப் போனா ஆளப் பாக்கலாம்னு போனேன்” என்றாள் பிறகு. ஷிப்டு விடும்வரை கேட்டில் நின்று, வெளியே வந்த ஒவ்வொரு முகமாகப் பார்த்திருக்கிறாள். அதற்குமேல் அதைப் பற்றி அவள் எப்போதும் பேசியதில்லை. கேரியரிலிருந்து இறங்கி நேராக என்னிடம் வந்து ஓர் அறை விட்டாள். அவள் என்னை அடித்தது அதுதான் கடைசி.

அப்பா நிதானமாக சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்தினார். வாசற்படியைப் பார்த்தார். “இத்தினி மாலையா எனுக்கு? மல்லி யாரு வாங்கியாந்தது?” என்றார். சித்தப்பா பயந்துபோய்க் கையைத் தூக்கினார். “நல்லா இருக்குடா” என்றார் அப்பா.

அதே நேரத்தில் தண்ணீர் லாரி தெருவுக்குள் திரும்பியது. எட்டு மாதம் எட்டிப் பார்க்காத லாரி. சாவு வீடு, குளிப்பாட்டத் தண்ணீர் வேண்டும் என்று மருந்துக் கடையிலிருந்து யாரோ போன் செய்தார்களாம். அரை மணியில் வந்துவிட்டது. முன் சீட்டில், என் மனுக்களுக்கெல்லாம் ‘பரிசீலனை’ எழுதிய நகராட்சி அதிகாரியே உட்கார்ந்திருந்தார், மடியில் ஒரு மாலை. நல்ல மனுஷர்தான். உயிரோடு இருப்பவர்கள் விஷயத்தில்தான் கொஞ்சம் தாமதம்.

“யாரு தவறிட்டது?” என்று இறங்கி என் அப்பாவிடமே கேட்டார்.

“நான்தாங்க” என்றார் அப்பா.

அஞ்சலையம்மா முன்னால் வந்தார். அதிகாரி கையிலிருந்த மாலையை மரியாதையாக வாங்கினார். தெருமுனைக்குப் போய்க் குழாய்க்குப் போட்டார். கீழே உட்கார்ந்து தலையை விரித்தார். “விடியமுன்னே எழுப்புவீங்களே, என் ராசா…” தெருப் பெண்கள் எல்லாரும் போய்ச் சேர்ந்தார்கள். அழ வந்து ஏமாந்த தவளக்குப்பம் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். அந்த அழுகையில் ஒத்திகை எதுவும் இல்லை. அதிகாரி கர்ச்சீப்பால் முகத்தைத் துடைத்தபடி, “எழுந்துருங்கம்மா, எழுந்துருங்க, எங்கம்மாவுக்கு ஒடம்பு சரியில்ல, இந்தச் சத்தம் கேக்கவே முடியல” என்று கெஞ்சினார்.

“பதினாறாம் நாள் காரியத்துக்குள்ள தண்ணி வரணும். வரலன்னா உங்க ஆபீஸ் வாசல்ல வெப்போம்” என்றார் அஞ்சலையம்மா மூக்கைச் சிந்திக்கொண்டே.

சாயங்காலம் கிடாரோடு வந்த லூயி எல்லாம் முடிந்துபோயிருப்பதைப் பார்த்தார். கதையைக் கேட்டார். “வுவாலா! பாத்தீங்களா!” என்று கைதட்டினார். கிடாரை உறையிலிருந்து எடுக்கவே இல்லை.

பதினான்காம் நாள் விடியற்காலை குழாயில் தண்ணீர் வந்தது. இன்றுவரை எங்கள் தெருவில் வழி கேட்டால், ‘மில்காரர் செத்த குழாய்க்கு அந்தாண்ட’ என்றுதான் சொல்வார்கள். குடத்தோடு அப்பா போனால் பெண்கள் வரிசையை விலக்கி, “செத்தவருக்கு வழி விடுங்கடி” என்பார்கள். அவரும் கொஞ்சமும் கூச்சமில்லாமல் முதல் ஆளாகப் பிடித்துக்கொண்டு வருவார். தப்பாக அழுதால் ஆயுசு கூடும் என்பார்கள். அவருக்கு நிறையவே கூடியது.

கோவிந்தன் சித்தப்பா மட்டும் முறையை மாற்றிக்கொண்டார். அதன்பிறகு எந்தச் சாவுக்குப் போனாலும் முதலில் வெறுங்கையோடு உள்ளே போய் முகத்தைப் பார்ப்பார், பிறகுதான் வெளியே வந்து மாலை வாங்குவார். அவரைப் பார்த்து எங்கள் உறவுக்காரர்கள் எல்லாரும் அப்படியே பழகிவிட்டார்கள். ஊரார் சிரிப்பார்கள்.

அப்பா உண்மையாகவே போன அன்று சித்தப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. வெறுங்கையோடு வந்தார். துணியை விலக்கினார். ரொம்ப நேரம் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு துணியைச் சரிசெய்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“இரு சரசு, மாலை வாங்கியாறேன்.”