இன்டர்நெட் கம்பியில் செம்பைத் தேடியவன்

ஒரு வேலையும் தெரியாதவனால் உலகத்துக்குப் பெரிய நஷ்டம் கிடையாது. அவன் பாட்டுக்கு ஓரமாக உட்கார்ந்திருப்பான். பாதி தெரிந்தவன்தான் ஆபத்து. எனக்குப் பாதி தெரிந்த வேலைகள் மொத்தம் பதினொன்று.

ஒன்பதாம் வகுப்பில் தென்காசிப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றும் நானும் மனமொத்துப் பிரிந்தோம். அதற்குப் பிறகு லாரி கிளீனர், பரோட்டாக் கடையில் மாவு பிசைபவன், போனக்காடு எஸ்டேட்டில் தொழிலாளர் லயங்களுக்குக் கூரைத் தகரம் மாற்றுபவன் என்று கால் போன பக்கமெல்லாம் போனேன். நடுவில் சில மாதம் வேலையும் இல்லை, சோறும் ஒரு வேளைதான். (அது பலருக்கும் உள்ளதுதான். விட்டுவிடலாம்.) விழிஞ்ஞத்தில் துறைமுக வேலை நடந்தபோது ஒயர்மேன் ஒருவருக்கு இரண்டு வருடம் கையாளாக இருந்தேன். மின்சாரம் சம்பந்தமாக எனக்கு இருக்கும் திமிர் முழுவதும் அங்கே சம்பாதித்தது. இப்போது திருவனந்தபுரத்தில் கரமனையில் வாடகை வீடு, டைல்ஸ் ஒட்டும் தொழில்.

என் மனைவி புஷ்பம் நாகர்கோவில்காரி, தமிழில் எம்.ஏ. ஒன்பதாம் வகுப்பு எப்படி எம்.ஏ.வைக் கட்டியது என்பது தனிக் கதை. அந்த எம்.ஏ.வை வைத்துக்கொண்டு அவள் சாலை பஜாரில் ஒரு துணிக்கடையில் ஆறு வருடம் சேலை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். நாள் முழுக்க நின்று நின்று காலில் நரம்பு சுருண்டுவிட்டது. ஊரில் இருந்த இரண்டு மூன்று பள்ளிக்கூடங்களில் கேட்டுப் பார்த்தாள், தமிழுக்கு ஆள் வேண்டாம் என்றார்கள். அப்போதுதான் வெளிநாட்டில் இருக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் வழியே தமிழ் சொல்லிக்கொடுக்கும் பள்ளி ஒன்று அவளைக் கூப்பிட்டது. ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு ஒரு சோதனை வகுப்பு. அது நன்றாக நடந்தால் வேலை. படம் உறைந்தாலோ சத்தம் அறுந்தாலோ அடுத்த ஆளைப் பார்ப்போம் என்று பொறுப்பாளர் அம்மா முன்பே சொல்லிவிட்டார்.

எங்கள் வீடு மூன்று மாடிக் கட்டடங்கள் இரண்டுக்கு நடுவில் பள்ளத்தில் இருக்கிறது. செல்போனில் ஒரு கோடு சிக்னல் வேண்டுமென்றால் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிமேல் ஏறி நிற்க வேண்டும். எம்.ஏ. படித்தவளைத் தொட்டிமேல் ஏற்றி வகுப்பு எடுக்கச் சொல்ல முடியாது. ஆகவே வீட்டுக்கு இன்டர்நெட் லைன் இழுப்பது என்று முடிவாயிற்று.

"நீங்க ஒண்ணும் அலட்டாண்டாம். நான் விசாரிச்சுக்கிடுதேன்" என்றாள் புஷ்பம்.

"கம்பி சமாச்சாரம். அத என்கிட்ட விடு" என்றேன் நான்.

மற்றவர்கள் வேகம் பார்ப்பார்கள், மாதக் கட்டணம் பார்ப்பார்கள். நான் கம்பியின் பருமனைப் பார்த்தேன். பெரிய கம்பெனி ஒன்றின் ஆள் நோட்டீஸோடு வந்தான். கம்பியைக் காட்டு என்றேன். கம்பியெல்லாம் காட்ட மாட்டோம், செயலியில் பதிவு செய்யுங்கள் என்றான். காட்டாத பொருளை வாங்குபவன் நான் இல்லை. கடைசியில் எங்கள் தெருக்கோடியில் கேபிள் டி.வி. நடத்தும் ஷீலா சேச்சியிடம் போனேன். ஐம்பது வயதிருக்கும். கணவர் ஆரம்பித்த தொழிலை, அவர் போன பிறகு, தானே மரத்திலும் கம்பத்திலும் ஆள் ஏற்றி நடத்தும் பெண்மணி.

"சேச்சி, கம்பி எத்தன கேஜ்?"

"கேஜோ? அண்ணாச்சி ஸ்பீடு கேக்கணும், கேஜ் எந்தினா?"

"ஸ்பீடு பேப்பர்ல இருக்கு. கம்பி கையில இருக்கு."

சேச்சி என்னை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு மேஜைக்கு அடியிலிருந்து ஒரு துண்டை எடுத்துக் கொடுத்தார். கறுப்பு, தட்டை, நல்ல விறைப்பு. வளைத்துப் பார்த்தேன், முகர்ந்தும் பார்த்தேன். (எதற்கு முகர்ந்தேன் என்று இன்றுவரை தெரியாது.) திருப்தி. சரி என்றேன்.

சனிக்கிழமை சேச்சியின் ஆள் பிஜு வந்து, கம்பத்திலிருந்து கம்பியை இழுத்து, ஜன்னல் வழியே உள்ளே விட்டு, முன்னறையில் ஒரு வெள்ளைப் பெட்டியை மாட்டிவிட்டுப் போனான். பச்சை விளக்கு எரிந்தது. புஷ்பம் தம்பி கொடுத்த பழைய லேப்டாப்பைத் திறந்தாள். எல்லாம் ஓடியது. அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தைக் கல்யாணத்தன்றுகூட நான் பார்த்ததில்லை.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் இரவு சாப்பிடும்போது அவள் ஒரு வார்த்தை சொன்னாள்: "முன்னறையில தெருச் சத்தம் கேக்கும். பெட்டி உள்ளறையில இருந்தா நல்லாயிருந்திருக்கும்."

மறுநாள் காலையில் அவள் மாதா கோவிலுக்கு ஞாயிறு பூசைக்குக் கிளம்பினாள். எனக்கு அவசர வேலை இருக்கிறது என்று சொல்லி வீட்டில் தங்கினேன். அவள் திரும்பி வரும்போது பெட்டி உள்ளறையில் இருக்கும், அவள் ஆச்சரியப்படுவாள் என்பது திட்டம். (ஆச்சரியப்பட்டாள்.)

பெட்டியை உள்ளே கொண்டுபோக இன்னும் நாலு மீட்டர் கம்பி வேண்டியிருந்தது. பிஜு மிச்சம் வைத்துவிட்டுப் போயிருந்த துண்டு ஒன்று கிடந்தது. ஒட்டுப் போட்டால் ஆயிற்று. விழிஞ்ஞத்தில் நான் போட்ட ஒட்டுகளைப் பார்த்து எஞ்சினியரே ஒருமுறை தலையாட்டியிருக்கிறார். கட்டிங் பிளேயரை எடுத்தேன். நறுக்.

மேல்தோலைச் சீவினேன். உள்ளே இரண்டு பக்கமும் விறைப்பாக இரண்டு கம்பி. ஒன்று போக, ஒன்று வர. கணக்குச் சரி. நடுவில் தூண்டில் நரம்பு மாதிரி, மயிரிழையிலும் மெல்லிசாக ஏதோ ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. சாமான் அசையாமலிருக்க வைக்கும் பாக்கிங் என்று நினைத்து, நாலு முனையிலும் நகத்தால் கிள்ளி எறிந்தேன். பிறகு கம்பியோடு கம்பியை முறுக்கி, ஒன்றோடொன்று உரசாமல் டேப் சுற்றி, பெட்டியை உள்ளறையில் மாட்டினேன். ஒட்டு என்றால் அப்படி ஒரு ஒட்டு.

சிவப்பு விளக்கு எரிந்தது.

டெஸ்டரை எடுத்துக் கம்பியில் வைத்தேன். மின்னவில்லை. மறுபடி சீவி உற்றுப் பார்த்தேன். அப்போதுதான் அந்தக் கம்பியின் நிறம் கண்ணில் பட்டது. செம்பு இல்லை. வெறும் இரும்பு! என் உடம்பெல்லாம் கொதித்தது. செம்புக்குப் பதில் இரும்பைப் போட்டு ஊரை ஏமாற்றுகிறார்கள். நல்லவேளை, விஷயம் தெரிந்த ஒருவன் கையில் மாட்டினார்கள்.

கம்பித் துண்டைச் சாட்சியாக எடுத்துக்கொண்டு ஷீலா சேச்சியின் ஆபீசுக்குப் போனேன். அது அவர் வீட்டின் முன்னறைதான். ஞாயிற்றுக்கிழமை ஆனதால் டி.வி. புகார் சொல்ல நாலைந்து பேர் நின்றார்கள். எனக்கு இன்னும் வசதியாகப் போயிற்று. துண்டை மேஜைமேல் எறிந்தேன்.

"சேச்சி, ஒங்க கம்பியில ஒரு பொட்டுச் செம்பு இல்ல. இரும்பு! பாக்கத் தெரியாத ஜனங்கன்னு நெனச்சு இப்படிக் கள்ளத்தனம் பண்ணலாமா?"

நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சேச்சி கோபப்படவில்லை. துண்டை எடுத்து முனையைப் பார்த்தார். முகம் மாறியது.

"அண்ணாச்சி, இதின்றெ நடுவில ஒரு நூலு போலெ ஒண்ணு உண்டாயிருந்நல்லோ. அது எவிடெ?"

"அந்தப் பாக்கிங் நரம்பா? கிள்ளிப் போட்டுட்டேன்."

"கிள்ளியோ?"

"நாலு முனையிலயும்."

நின்றவர்களில் ஒரு பெரியவர் "என்றெ அம்மே" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார். சேச்சி மேஜை டிராயரிலிருந்து பேனா மாதிரி ஒன்றை எடுத்து, சுருட்டி வைத்திருந்த நீளமான வேறொரு கம்பியின் ஒரு முனையில் பொருத்தினார். மறு முனையை என் உள்ளங்கைக்கு நேராகப் பிடித்தார். அந்த மயிரிழையின் நுனியிலிருந்து என் கையில் ஒரு சிவப்புப் பொட்டு வந்து விழுந்தது.

"கரண்ட் இல்ல அண்ணாச்சி, வெளிச்சம். நூலு கண்ணாடியாணு. வெளிச்சம் அதுக்குள்ளதான் ஓடுது. இரும்பு ரெண்டும் வெறும் தாங்கு. அண்ணாச்சி இன்டர்நெட்டைக் கிள்ளிக் களைஞ்சிட்டு, பாக்கிங்கை ஜாயின்ட் போட்டிருக்கு."

சிரிப்பு எங்கிருந்து ஆரம்பித்தது என்று தெரியவில்லை. ரோட்டில் ஆட்டோவில் இருந்தவன்கூடச் சிரித்தான்.

"சரி, யாரையாவது அனுப்பி ஒட்டிக் குடுங்க சேச்சி. நாலு மணிக்கு வீட்டுல வகுப்பு."

"அதுக்கொரு மிஷின் உண்டு. மிஷின் பிஜுவின்றெ வண்டியில. பிஜு விதுராவுக்குப் போயிருக்கு, தங்கச்சியின்றெ கல்யாணத்துக்கு. நாளைக்குத்தான் வரும்."

வீட்டுக்கு வந்தபோது புஷ்பம் வந்திருந்தாள். சிவப்பு விளக்கின் முன்னால் முக்காட்டோடு அப்படியே நின்றிருந்தாள்.

"என்னத்த செய்து வச்சிருக்கிய?"

சொன்னேன். முழுவதும் சொன்னேன். முகர்ந்து பார்த்ததை மட்டும் விட்டுவிட்டேன். அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் கட்டிலில் உட்கார்ந்து, வகுப்புக்காக ஒரு வாரமாக வரைந்து வைத்திருந்த மா, பலா, வாழைப் படங்களை ஒவ்வொன்றாக உறைக்குள் திரும்ப வைத்தாள். பிறகு சொன்னாள்: "நாளைக்குக் கடைக்கு லீவு சொல்லியிருந்தேன். வாறேன்னு சொல்லிருங்க."

நான் எத்தனையோ ஊரில் எத்தனையோ ஏச்சு வாங்கியிருக்கிறேன். அந்த ஒரு வரி போல எதுவும் என்னை அடித்ததில்லை. இன்டர்நெட் லைன் உயிரோடு இருக்கும் இடம் என்று எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். ஒரு மணி நேரத்துக்கு முன்னால், நாலைந்து பேர் சாட்சியாக, எவரைக் கள்ளி என்றேனோ அவருடைய ஆபீஸ். போனேன்.

சேச்சி சாப்பிட்டுக் கை துடைத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"கள்ளத்தனம்னு சொன்ன வாயில இப்போ சேச்சின்னு வருதே."

"தப்புதான் சேச்சி. நான் முட்டாள். காலையில இங்க நின்ன ஆளுகளக் கூட்டிட்டு வாங்க, அவங்க முன்னாலயே சொல்லுதேன்."

"அது வேண்டா. அவர்க்கெல்லாம் தெரியும்" என்றார் சேச்சி. "புஷ்பத்தை விளிச்சுக் கூட்டிட்டு வாங்க. ஆனா ஒரு காரியம். கிளாஸ் தீருந்நது வரெ, புகார் சொல்ல வர்ற ஆளும் ஃபோனும் அண்ணாச்சிக்கு."

நான்கு மணிக்கு புஷ்பம் உள்ளே கேபிள் சுருள்களுக்கு நடுவில் லேப்டாப்போடு உட்கார்ந்தாள். நான் வெளியே வாசற்படியில் சேச்சியின் ஃபோனோடு உட்கார்ந்தேன். உடனே அடித்தது.

"சினிமா ஓடிக்கொண்டிருக்கும்போ டி.வி. போயி! எந்தா செய்யுந்நது அவிடெ?" ஒரு அம்மையார்.

"அம்மா, மெல்ல பேசுங்க. உள்ள கிளாஸ் நடக்குது."

"என்றெ வீட்டில் நான் மெல்லப் பேசணோ?"

அவரைச் சமாளிக்கையில் கதவுக்குப் பின்னால் காது வைத்தேன். ஐந்து பிள்ளைகள் ஐந்து ஊரிலிருந்து. புஷ்பம் வணக்கம் சொல்லி, மாம்பழப் படத்தை எடுத்திருப்பாள் போல. ஒரு பெண்குழந்தையின் குரல் கிறீச்சிட்டது.

"டீச்சர்! உங்க பின்னாடி பாம்பு! நிறைய பாம்பு!"

இன்னொரு குழந்தை அழ ஆரம்பித்தது. முடிந்தது கதை என்று நினைத்தேன். பொறுப்பாளர் அம்மாவும் அதில்தான் எங்கேயோ இருக்கிறார். பிறகு புஷ்பத்தின் குரல், நான் அதுவரை கேட்டிராத ஒரு குரல், நிதானமாக வந்தது.

"பாம்பு இல்ல கண்ணுகளா. இது கம்பி. இதுக்குள்ள வெளிச்சம் ஓடும். நீங்க என்னைப் பாக்கிறது அந்த வெளிச்சத்தாலதான். நான் ஏன் கம்பிக் கடையில உக்காந்திருக்கேன்னு சொல்லட்டுமா? ஒரு வீட்டுல ஒரு மாமா இருந்தார். அவருக்கு எல்லாம் தெரியும்..."

அழுகை நின்றது. மாமா கம்பியை வெட்டினார். மாமா நரம்பைக் கிள்ளினார். மாமா செம்பைத் தேடினார். ஒவ்வொரு வரியையும் பிள்ளைகளைத் திரும்பச் சொல்ல வைத்தாள். ஐந்து நாட்டிலிருந்து ஐந்து குரல், தட்டுத் தடுமாறி, நான் செய்த முட்டாள்தனத்தை நல்ல தமிழில் சொல்லிச் சொல்லிச் சிரித்தன. நடுவில் ஒரு பெரிய ஆளின் சிரிப்பும் கேட்டது. பொறுப்பாளர் அம்மா கேமராவைப் போட்டுவிட்டாராம். ஃபோனில் இருந்த அம்மையாரும் அங்கே என்ன சிரிப்பு என்று கேட்டார். சொன்னேன். சினிமாவை மறந்துவிட்டார்.

வேலை கிடைத்தது. மறுநாள் பிஜு வந்து மிஷினால் ஒட்டினான். அதற்கு முன்னால் என் ஒட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, கரண்ட் கம்பியாயிருந்தா இது நூறு வருஷம் நிக்கும்" என்று சொல்லி, போட்டோ எடுத்துத் தன் தொழில்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டான். இப்போதும் கம்பம் ஏறுகிறவன் எவனாவது தெருவில் என்னைப் பார்த்தால் மரியாதையாகச் சிரிக்கிறான்.

அந்தக் கதையை அடுத்த வகுப்புகளுக்கும் சொல்லும்படி பொறுப்பாளர் அம்மா சொல்லிவிட்டார். நான் லாரியில் போன ஊர்களைவிட இப்போது என் பெயர் போன ஊர்கள் அதிகம். பெயர் என்றால் கம்பி மாமா. உள்ளறைப் பக்கம் நான் தலை காட்டினால் போதும், திரைக்குள்ளிருந்து "மாமா, வெட்டாதீங்க!" என்று ஒரே கூச்சல்.

போன விடுமுறையில், அன்றைக்குப் பாம்பு என்று கத்திய அந்தப் பெண்குழந்தையின் குடும்பம் கோவளத்துக்கு வந்தது. டீச்சரைப் பார்க்க வேண்டும் என்று அந்தக் குழந்தை அடம்பிடித்து எங்கள் வீட்டுக்கும் வந்துவிட்டது. ஏழு வயது. எனக்கு வணக்கம் சொல்லவில்லை. என் இரண்டு கையையும் பிடித்துத் திருப்பிப் பார்த்து, வெட்ட ஒன்றும் இல்லை என்று அப்பாவிடம் சொன்னது. புஷ்பம் மீன் குழம்பு வைத்திருந்தாள். எல்லோரும் உள்ளறையில் சாப்பிட உட்கார்ந்தோம். அந்தக் குழந்தை மட்டும் எனக்கும் அந்த வெள்ளைப் பெட்டிக்கும் நடுவில் தன் நாற்காலியை இழுத்துப் போட்டு, கடைசி வாய்வரை என்மேல் ஒரு கண் வைத்துக்கொண்டே சாப்பிட்டது.