பொம்மை மேடையில் ஏறிய மாப்பிள்ளை

சனிக்கிழமை எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. பொம்மை மணமேடைக்குத் தரை செய்யணும்.

என் வீட்டுக்காரரோட அக்கா மகள் திவ்யாவுக்குக் கல்யாணம். வரவேற்பு அன்னைக்கு மண்டப வாசல்ல அழகுக்கு என்ன வைக்கலாம்னு குடும்ப வாட்ஸ்அப் குரூப்புல பேச்சு ஓடிக்கிட்டு இருந்துச்சு. ஒருத்தர் பலூன்னாரு, ஒருத்தர் பூந்தொட்டின்னாரு. நான் சும்மா இருந்திருக்கலாம். "மினியேச்சர் மணமேடை நானே செஞ்சு தர்றேன், ஈஸிதான் லா"ன்னு போட்டேன்.

மினியேச்சர்ல எனக்கு இருந்த அனுபவம், அடுத்தவங்க செய்யறதை வீடியோவுல பார்த்தது.

திவ்யாவோட அம்மா, அதாவது என் அண்ணி, பதிலுக்கு ஒரு கட்டைவிரல் மட்டும் அனுப்பினாங்க. அண்ணிகிட்ட இருந்து கட்டைவிரல் வந்தா அது பாராட்டு இல்லை. எச்சரிக்கை.

மேடையில நிக்க வைக்க, தேக்கா மார்க்கெட்ல களிமண் மணமக்கள் பொம்மையும் அவங்களே வாங்கிக் கொடுத்துட்டாங்க. அழகான பொம்மைங்க. தூக்கினா அம்மிக்குழவி கனம். அதனால தரை உறுதியா இருக்கணும், வர்றவங்க கண்ணுல படுற மாதிரி உயரமாவும் இருக்கணும்.

அதுக்குத்தான் ஃபோம் போர்டு. ரெண்டு தாளுக்கு நடுவுல நுரையை வச்சு ஒட்டின அட்டை. கடையில என்ன அளவு வேணும்னு கேட்டாங்க. "பெருசா"ன்னு சொன்னேன். என்னைவிடப் பெருசா கொடுத்தாங்க.

ரயில்ல அதை நிமித்தி வச்சுக்கிட்டு நான் பின்னாடி நின்னேன். அந்தப் பக்கம் இருந்த ஒரு அங்கிள் அதைச் சுவருன்னு நெனச்சு சாஞ்சுட்டாரு. சொல்லலாமா வேணாமான்னு நான் யோசிக்கிறதுக்குள்ள தூங்கியும் போயிட்டாரு. பாதி வழிக்கு நான் அட்டையைத் தாங்கலை, அங்கிளைத்தான் தாங்கிக்கிட்டு வந்தேன்.

புக்கிட் பாத்தோக்ல எங்க வீடு வந்து சேர்ந்ததும் வேலையை ஆரம்பிச்சேன். மேல ஒரு அட்டை, கீழ நாலு கால். இதுல என்ன பெரிய வித்தைன்னு மாப்பிள்ளை பொம்மையைத் தூக்கி வச்சேன். தரை வில்லு மாதிரி வளைஞ்சுது. பொண்ணு பொம்மையையும் வச்சேன். ரெண்டு பேரும் நடுவுல சரிஞ்சு தலையோட தலை முட்டிக்கிட்டாங்க.

என் வீட்டுக்காரர் செம்பவாங்ல ஒரு கப்பல் பட்டறையில பாதுகாப்பு அதிகாரி. வீட்டுலயும் அதே உத்தியோகம்தான். குனிஞ்சு மேடைக்கு அடியில டார்ச் அடிச்சுப் பார்த்தாரு. அவங்க பட்டறையில இப்படி ஒண்ணைப் பார்த்தா சுத்திக் கயிறு கட்டி ஆளுங்களை வெளியேத்திடுவாங்கன்னு சொல்லிட்டு, டீ குடிக்கப் போயிட்டாரு.

ரோஷம் வந்துச்சு. காலுங்களை இன்னும் கெட்டியா ஒட்டணும்னு சூப்பர் க்ளூவை ஊத்தினேன். கால் ஒட்டலை. உள்ள இருந்த நுரை கரைஞ்சு, பூச்சி அரிச்ச பல்லு மாதிரி ஓட்டை விழுந்துச்சு.

சரி, ஓட்டையை மறைச்சுடலாம்னு தங்கக் கலர் ஸ்ப்ரேயோட காரிடாருக்குப் போனேன். அடிக்க அடிக்க ஓரத்துல இருந்த நுரையும் கரையுது. நான் நிறுத்தணும்தானே? சரியா படலை போலன்னு இன்னும் கொஞ்சம் அடிச்சேன்.

வாடை தாங்காம பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா, நாங்க மாக்சிக்னு கூப்பிடுறவங்க, கதவைத் திறந்து, கரப்பான் பூச்சிக்கு மருந்து அடிக்கிறியான்னு கேட்டாங்க. உண்மையைச் சொல்ற நிலைமையில நான் இல்லை. ஆமான்னேன். அப்போ என் வாசலுக்கும் கொஞ்சம் அடிச்சுவிடுன்னாங்க. தீந்துபோச்சுன்னு சொல்லிட்டு உள்ள ஓடிவந்துட்டேன்.

மறுநாள் இன்னொரு அட்டை. இந்தத் தடவை வீடியோவை முழுசாப் பார்த்தேன். முதல்லயே அதைச் செஞ்சிருக்கலாம்னு நீங்க சொல்றது கேக்குது.

கண்ணாடி டம்ளர் வாங்கினா பெட்டிக்குள்ள குறுக்கும் நெடுக்குமா தடுப்பு இருக்கும்ல? அட்டையைப் பட்டை பட்டையா நறுக்கி, அதே மாதிரி நெருக்கமா கோத்தேன். வெள்ளைப் பசைதான் போட்டேன். மேல ஒரு அட்டை, கீழ ஒரு அட்டை. மேல் பக்கம் மட்டும் கெட்டித் தாள் ஒட்டினா ஈரத்துல அப்பளம் மாதிரி சுருண்டுக்கும்னு ரெண்டு பக்கமும் ஒட்டி, அரிசி மூட்டையைத் தூக்கி மேல வச்சேன். காய்ஞ்சதும் பிரஷ்ஷால தங்கக் கலர் பூசினேன்.

பொம்மைங்க ரெண்டும் நேரா நின்னுச்சு. தரை அசையலை.

இதோட நான் விட்டிருந்தா இந்தக் கதையே இல்லை. எனக்குப் பெருமை தலைக்கு ஏறிடுச்சு. பொம்மைங்களை எடுத்துட்டு, நானே மேடை மேல ஏறி நின்னேன். தாங்குச்சு. வீட்டுக்காரரை வீடியோ எடுக்கச் சொல்லி, ஒரு கையை இடுப்புல வச்சுக்கிட்டு சிரிச்சேன். குரூப்புல போட்டேன். எல்லாரும் கைதட்டினாங்க. அண்ணி மறுபடியும் ஒரு கட்டைவிரல்.

வரவேற்பு அன்னைக்கு மேடையை மண்டப வாசல்ல வச்சுட்டு, வர்றவங்களை வரவேற்கிற மாதிரி பக்கத்துலயே நின்னேன். யாராவது "யாரு செஞ்சது?"ன்னு கேட்கணும்ல. யாரும் கேட்கலை. ஒரு பாட்டையா மட்டும் டாய்லெட் எங்க இருக்குன்னு கேட்டாரு.

அப்போ அண்ணி வேகமா வந்தாங்க. பொம்மை ரெண்டையும் எடுத்து என் கையில கொடுத்துட்டு, மேடையைத் தூக்கினாங்க. எனக்கு ஒண்ணும் புரியலை.

விஷயம் இதுதான். திவ்யா நல்ல உயரம். மாப்பிள்ளை கொஞ்சம் கம்மி. திவ்யா ஹீல்ஸ் வேற போட்டிருந்தா. அவங்க ரெண்டு பேரும் அதைப் பத்திக் கவலைப்படலை. படத்துல மாப்பிள்ளை குள்ளமா தெரிவாரேன்னு அண்ணிதான் பட்டாங்க.

"அண்ணி, அது பொம்மைக்குச் செஞ்சது"ன்னேன்.

"நீயே ஏறி நின்னியே உமா. மாப்பிள்ளை உன்னைவிட ஒல்லிதான்."

ரெண்டு பொம்மையையும் இடுக்கிக்கிட்டு அண்ணி பின்னாடியே ஓடினேன்.

திவ்யா பக்கத்துல மேடையைப் போட்டு, மாப்பிள்ளை ஏறி நின்னாரு. முன்னாடி பூந்தொட்டி ரெண்டை நகர்த்தி மேடையை மறைச்சாச்சு. சொந்தக்காரங்க வரிசையா வந்து படம் எடுத்துக்கிட்டாங்க. நான் ஏறி நின்னது வீடியோ எடுக்கிற நேரம். அவரு நின்னது சாயங்காலம் பூரா. நான் கையில ரெண்டு பொம்மையோட, பிரியாணி வரிசையிலயும் கண்ணை மேடை மேலயே வச்சுக்கிட்டு நின்னேன். உடையலை. சத்தம்கூட வரலை. சாமிக்கு நன்றி சொல்லிட்டுச் சாப்பிட்டேன்.

அப்புறம் ஆல்பம் வந்துச்சு.

முதல் படத்துல ரெண்டு பேரும் சம உயரம். சித்தப்பா குடும்பம் வந்த படத்துல மாப்பிள்ளை திவ்யாவோட நெத்திக்கு இருக்காரு. ஆபீஸ்காரங்க வந்தப்போ மூக்குக்கு. கேக் வெட்டுறப்போ அவ தோடும் அவரு உச்சந்தலையும் ஒரே கோட்டுல இருக்கு. நுரை உடையாது மக்களே. மெதுவா நசுங்கும்.

அண்ணி குரூப்புலயே எழுதினாங்க. போட்டோகிராபர் சரி பண்ணித் தர்றேன்னு சொல்றாராம், மாப்பிள்ளையை ஏத்தணுமா பொண்ணைக் குறைக்கணுமான்னு கேக்குறாராம், பொண்ணைக் குறைக்கச் சொல்லிட்டாங்களாம்.

திவ்யா உடனே பதில் போட்டா. "அம்மா, என்னை யாரும் குறைக்க வேணாம். எல்லாப் படமும் அப்படியே இருக்கட்டும்."

மாப்பிள்ளையும் எழுதினாரு. "எனக்கும் ஓகேதான் ஆன்ட்டி. லிஃப்ட்ல இறங்குற மாதிரி ஜாலியா இருந்துச்சு."

ரெண்டுக்கும் அண்ணிகிட்ட இருந்து கட்டைவிரல்கூட வரலை.

நான் கத்துக்கிட்டது இவ்வளவுதான்: பொம்மைக்கு ஏதாவது செஞ்சா, பொம்மையை மட்டும் நிக்க வச்சு வீடியோ எடுங்க.