மாப்பிள்ளை தலையில் நெபுலா

நீலகிரியிலேயே முதன்முதலாக நெபுலாவைக் கலரில் படம் பிடித்தவன் நான்தான். (மறுக்கிறவர்கள் ஆதாரத்தோடு வரலாம்.) என் ஆதாரம், தங்கை கணவரின் தலை.

சிலோனிலிருந்து வந்து இத்தலார் பக்கம் ஓர் எஸ்டேட்டில் குடியேறிய புதிது. அம்மாவுக்கு மட்டும் பாஸ்போர்ட் வராமல் கண்டியிலேயே மாட்டிக்கொண்டார். அதற்குள் தங்கைக்குக் கல்யாணம் கூடிவிட்டது. குன்னூர் மாப்பிள்ளை, அம்மா பார்த்ததே இல்லை. "மாப்புளைய கலர் போட்டோவுலயாவது காட்டிடுப்பா" என்று சொல்லியனுப்பியிருந்தார்.

என்னிடம் இரண்டு கலர் ரோல்கள். ஒன்று கல்யாணத்துக்கு, மற்றது வானத்துக்கு. ஃபேக்டரியில் கழித்துப்போட்ட தகரக் குழாயில் நானே டெலஸ்கோப் செய்திருந்தேன். (பார்த்தவர்கள் புகைபோக்கி என்றார்கள். பொறாமை.) நட்சத்திரங்களுக்கு நடுவே மிதக்கும் புகைமூட்டம்தான் நெபுலா. கண்ணுக்குச் சாம்பல், கலர் ஃபிலிமுக்கு மட்டும் ரோஜா நிறம் காட்டும்.

எடுத்து முடித்த கல்யாண ரோலை அதன் டப்பிக்குள் முழுக்கச் சுற்றாமல் வெளியே எடுத்துவிட்டேன். ஃபிலிம் நுனி நாக்கு நீட்டிக்கொண்டு, புது ரோல் மாதிரியே இருந்தது. அடுத்த வாரம், ஜனவரிப் பனியில், அதையே மறுபடி கேமராவில் மாட்டி வானத்தை எடுத்தேன்.

கழுவி வந்தபோது ஒரு ரோல் வெறுமை. மற்றதில் கல்யாணமும் வானமும் ஒன்றன்மேல் ஒன்று. நான் கச்சிதக்காரன், நெபுலாவையும் நட்டநடுவில் வைப்பேன், மாப்பிள்ளையையும் நட்டநடுவில் வைப்பேன். வெள்ளை வேட்டியில் ஒன்றும் தெரியவில்லை. கருகரு முடியில் பளிச்சென்று செக்கச்செவேல்.

"ஏனுங்க மச்சான், என்ற தலையில தீப்புடிச்சிருக்குதுங்களா?"

"நெபுலாங்க மாப்பிள்ளை. அதுக்குள்ளதான் நட்சத்திரமே பொறக்குது."

"பொறக்கறதுக்கு வேற எடமே கெடைக்கலீங்களா?"

வேறு படம் இல்லாததால் அதையே அம்மாவுக்கு அனுப்பினேன். உற்றுப் பார்க்கவா போகிறார்?

ஒரு வருஷம் கழித்து பாஸ்போர்ட் கிடைத்து அம்மா ஊட்டி ஸ்டேஷனில் வந்திறங்கினார். அழுதுகொண்டு ஓடிவந்த தங்கையை ஒதுக்கிவிட்டு நேரே மாப்பிள்ளையிடம் போனார்.

"மாப்புள, கொஞ்சம் குனிங்க."

பிளாட்பாரமே வேடிக்கை பார்க்க, முடியை வகிர்ந்து வகிர்ந்து தேடினார். காதுக்குப் பின்னாலும் பார்த்தார்.

"நல்லாத்தானே இருக்கு! மண்டையெல்லாம் படை, புள்ளைய இப்புடிக் குடுத்துட்டோமேன்னு ஒரு வருசமா எனக்குச் சோறு எறங்கல!"

விஷயத்தைச் சொன்னேன். குடைக்கம்பால் முதுகில் ஒன்று விழுந்தது. பிறகு, கண்டியிலிருந்து கொண்டுவந்த படைக்கு வைக்கிற எண்ணெயை வீணாக்கக் கூடாதென்று, அங்கேயே மாப்பிள்ளை தலையில் முழுப் புட்டியையும் தேய்த்துவிட்டார்.

இப்போது மாப்பிள்ளைக்கு முழு வழுக்கை. முடி எங்கே என்று பேரன்கள் கேட்டால், என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு வானத்தைக் காட்டுவார்.

"அதா, அங்க பொகையாட்ட இருக்குது பாரு. இவரு கொண்டுபோயி வெச்சுட்டாரு."

போகட்டும். படம் பிடித்தவன் நான்தான் என்று ஒப்புக்கொள்கிறாரே!