பெயர் சொல்லாமல் சொன்னது

தொலைக்காட்சியில் பேசப் போகிறவர்களுக்குத் திடீரென்று ஒரு தைரியம் வந்துவிடும். எதிரே நிற்பது ஒரு கேமரா. அதற்கு நம் ஊர் தெரியாது, நம் அப்பாவைத் தெரியாது. முகத்தில் பவுடர் வேறு பூசிவிட்டிருப்பார்கள். அந்த நிலையில் மனிதர் எதையும் சொல்லிவிடுவார். நான் சொன்னேன்.

எனக்கு அப்போது இருபத்தைந்து வயது. தஞ்சாவூரில் ஒரு பெண்கள் கல்லூரியில் தமிழ் விரிவுரையாளராகச் சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. (அந்த ஒன்றரை வருடத்தில் தமிழ் இலக்கியம் முழுவதையும் சரிசெய்துவிட்டதாக எனக்கு ஓர் எண்ணம்.) ‘திரைப்படங்களில் உழவர்’ என்று சென்னையில் ஒரு தொலைக்காட்சிக் கலந்துரையாடல். போகவேண்டிய மூத்த பேராசிரியருக்கு மஞ்சள்காமாலை வந்துவிட, ரயிலேறியது நான்.

அங்கே மற்ற இருவரும் பெரிய பெரிய வார்த்தைகளாகப் பேசினார்கள். நான் சும்மா இருந்திருக்கலாம். “நம் படங்களில் பண்ணையார் என்றால் மீசையும் சாட்டையும்தான். நிஜத்தில் அப்படி இல்லை. எங்கள் ஊரிலேயே ஒருவர் இருக்கிறார். சாட்டை கிடையாது, இரண்டு மரக்கால் உண்டு. குத்தகை நெல்லை அளந்து வாங்கப் பெரிய மரக்கால். கூலி நெல்லை அளந்து கொடுக்கச் சின்ன மரக்கால். இரண்டுக்கும் பெயர் என்னவோ மரக்கால்தான்” என்றேன். நிகழ்ச்சியை நடத்தியவர், “பிரமாதம்!” என்றார். அந்த ஒரு சொல்லிலேயே எழும்பூர்வரை மிதந்து வந்தேன்.

ரயில் விழுப்புரம் தாண்டும்போதுதான் ஊர் ஞாபகம் வந்தது.

நாகப்பட்டினத்துக்கு மேற்கே இருக்கும் எங்கள் ஊரில் பண்ணையார் என்று சொல்ல மிராசுதார் ஒரே ஒருவர்தான். டிவியும் ஒன்றுதான், அது அவர் வீட்டில். ஞாயிற்றுக்கிழமை மாலைப் படத்துக்கு ஊரே அவர் வீட்டுக் கூடத்தில் கூடும். என் நிகழ்ச்சி அந்தப் படத்துக்கு முன்னால். அப்பா அவரிடம்தான் ஒன்பது மா நிலத்தைக் குத்தகைக்கு உழுதுகொண்டிருந்தார்.

காலமும் சாதுவான காலம் இல்லை. நிலத்தைப் பற்றிப் பேசாத கட்சி கிடையாது. வயலில் இறங்கினால் கூலித் தகராறு, குத்தகைத் தகராறு, சில ஊர்களில் அறுவடைக்குப் போலீஸ் காவல். குத்தகைதாரர் பெயரைப் பதியவேண்டும் என்று சட்டம் வந்து எவ்வளவோ வருடமாகியும் அப்பாவின் பெயர் குத்தகைப் பதிவேட்டில் ஏறவில்லை. பெயர் ஏறாதவரை, எந்த நாளும் ‘நிலத்தை விடு’ என்று சொல்லிவிடலாம். பல வருடம் நடையாய் நடந்தபின், மிராசுதார் அந்த மாதம்தான் மனமிரங்கி, தாலுகா ஆபீசுக்கு வந்து சம்மதக் கையெழுத்துப் போடுகிறேன் என்றிருந்தார். புதன்கிழமை கையெழுத்து. அதற்கு முந்தின ஞாயிறு, பதிவு செய்திருந்த என் பேச்சு ஒளிபரப்பு.

அந்தப் பகுதியை வெட்டிவிடும்படி நிலையத்துக்கு ஓர் இன்லண்ட் லெட்டர் எழுதினேன். பதில் இல்லை. நிகழ்ச்சி நேரத்தைத் தெரிவித்து அவர்கள் போட்ட கார்டு மட்டும் ஒழுங்காக ஊர் முகவரிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அப்பா அதை மிராசுதாரிடமே எடுத்துப்போய்க் காட்டியிருக்கிறார். அவர் ஊர் முழுக்கச் சொல்லி அனுப்பிவிட்டார்.

ஞாயிறு காலை ஊருக்கு வந்ததும் அம்மாவைக் கொல்லைப்பக்கம் இழுத்துப்போய் விஷயத்தைச் சொன்னேன்.

“பேரு சொன்னியா?”

“இல்லம்மா. எங்க ஊர்ல ஒருத்தர்னுதான் சொன்னேன்.”

“நம்ம ஊர்ல மிராசு எத்தனை பேரு?”

“ஒருத்தர்.”

அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள். “இதுக்குத்தான் உன்னை எம்.ஏ. படிக்க வச்சோமா?” என்றாள். பிறகு, “அப்பாகிட்ட மூச்சு விடாத. சந்தோஷமா இருக்காரு” என்றாள்.

எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை கரண்ட் போகாமல் ஒரு படத்தையும் முழுசாகப் பார்த்தது கிடையாது. அன்றைக்குப் பார்த்து அது போகவே இல்லை. மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டேன், ஒரு சிமிட்டல்கூட இல்லை.

மிராசுதார் வீட்டுக் கூடத்தில் தரை தெரியாத கூட்டம். எனக்கு முன்வரிசையில், அவர் பக்கத்திலேயே நாற்காலி போட்டிருந்தார்கள். அப்பா சலவை வேட்டியோடு தூண் ஓரமாக நின்றார்.

“ஏன் டீச்சரம்மா, முகம் வெளுத்துக் கிடக்கு? நாங்கதானே பாக்கப்போறோம்!” என்றார் மிராசுதார்.

“அதாங்கய்யா பயம்” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அன்று நான் சொன்ன ஒரே உண்மை அது.

நிகழ்ச்சி ஆரம்பித்தது. படம் கொஞ்சம் புள்ளி புள்ளியாக இருந்தது. எங்கள் பக்கம் கடலோரம் என்பதால் ஆன்டெனா வாரத்தில் ஆறு நாள் இலங்கையைப் பார்த்தே நிற்கும். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் அதைத் தமிழ்நாட்டுப் பக்கம் திருப்புவார்கள். “இன்னும் கொஞ்சம் திருப்பணும்போல” என்று மிராசுதார் சொல்லி முடிப்பதற்குள் நான் எழுந்துவிட்டேன்.

“நான் போறேங்கய்யா.”

“நல்லாருக்கே! உன்னைப் பாக்கத்தான் ஊரே உக்காந்திருக்கு. நீ எங்க போற?”

“ஹாஸ்டல்ல நான்தாங்கய்யா எப்பவும் திருப்புவேன்.” (எங்கள் ஹாஸ்டலில் இருந்தது ஒரு ரேடியோ.)

பதிலுக்குக் காத்திராமல் மாடிப்படி ஏறினேன். மேலே முழுக்க வடாம் காயவைத்திருந்தார்கள். பட்டுப்புடவையோடு வடாத்தை மிதித்துக்கொண்டு போய்க் கம்பத்தைப் பிடித்துத் திருப்பினேன். கீழே முற்றத்தில் அம்மா வந்து நின்றாள். கூடத்தில் சொல்வதை மேலே சொல்கிற வேலையைத் தானாகவே எடுத்துக்கொண்டிருந்தாள்.

கூடத்திலிருந்து, “ஆகா, பளிச்சுனு தெரியுது! விடச் சொல்லுங்க!” என்று குரல் வந்தது. படத்தைக் கெடுக்கப் போனவள், தப்பான பக்கம் திருப்பியிருக்கிறேன்.

அம்மா அண்ணாந்து பார்த்து, “சரியா தெரியலையாம்டி! இன்னும் நல்லாத் திருப்பு!” என்றாள்.

வாழ்க்கையில் அம்மா பொய் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். பலங்கொண்ட மட்டும் திருப்பினேன். கூடத்தில் ‘ஐயோ’ என்று பெருஞ்சத்தம். படம் போய்விட்டது. நிம்மதியாகக் கையை எடுத்தால், முந்தானை ஆன்டெனாக் குழாயில் சிக்கிக் கிழியப் பார்த்தது. கம்பத்தோடு கட்டிப்போட்டது போல நின்றேன்.

அப்போதுதான் முற்றத்தின் வழியாக அந்தக் குரல் மேலே வந்தது. “எங்கள் ஊரிலேயே ஒருவர் இருக்கிறார்.”

என் குரல். படம்தான் போயிருந்ததே தவிர, ஒலி போகவில்லை. படம் இல்லாததால் ஊரே காதைத் தீட்டிக்கொண்டு கேட்டிருக்கிறது. சாட்டை வந்தது. பெரிய மரக்கால் வந்தது. சின்ன மரக்கால் வந்தது. ஓர் எழுத்தும் விழுங்காமல், வகுப்பில் சொல்வதைவிடத் திருத்தமாக உச்சரித்திருந்தேன்.

ஒன்பது மா நிலமும் ஆற்றோடு போவது என் கண்ணில் தெரிந்தது. அப்பாவின் சலவை வேட்டி தெரிந்தது. குதித்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது; முந்தானை விடவில்லை.

பிறகு ஒரு பெரிய சிரிப்பு. மிராசுதாரின் சிரிப்பு.

“அவன்தான்யா! அக்கரையில பண்ணை வச்சிருக்கானே, என் மச்சான்! ஊரைத்தான் மாத்திச் சொல்லியிருக்கா! சரியாப் புடிச்சிருக்கா பாரு நம்ம டீச்சரம்மா! என்னப்பா, அவன்தானே?”

“நீங்க சொன்னா சரிதாங்கய்யா” என்றது அப்பாவின் குரல்.

முப்பது வருடம் இலக்கியம் நடத்தியிருக்கிறேன். கதையில் வரும் கெட்டவனில் தன்னைக் கண்டுகொண்ட வாசகர் ஒருவரைக்கூட நான் சந்தித்ததில்லை. எல்லோருக்கும் ஒரு மச்சான் இருக்கிறார்.

படியில் காலடிச் சத்தம் கேட்டது. வந்தது மிராசுதாரின் மனைவி. ஊருக்கே அவர் ஆச்சி. மூச்சு வாங்க வந்து நின்று, “என் தம்பியையாடி சொன்ன? அவன் அளக்குற நெல்லுல ஒரு மணி குறையாதுடி!” என்றார்.

“இல்லீங்க ஆச்சி.”

“அப்ப யாரை?”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஆச்சி என் முந்தானையைக் குழாயிலிருந்து பொறுமையாக எடுத்துவிட்டார்.

“அந்தப் பெரிய மரக்காலை, நான் கல்யாணமாகி வந்த நாள்லேருந்து பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்” என்றார் மெதுவாக. “புதன்கிழமை கையெழுத்து விழட்டும். அதுவரைக்கும் என் தம்பியாவே இருக்கட்டும். கண்ணைத் துடைச்சுக்கிட்டு இறங்கி வா.”

இறங்கி வந்தபோது நிகழ்ச்சி முடிந்திருந்தது. நான் முதன்முதலாகத் தொலைக்காட்சியில் வந்ததை நான் பார்க்கவே இல்லை.

புதன்கிழமை மிராசுதார் கையெழுத்துப் போட்டார். வழியெல்லாம் மச்சானைச் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்ததாக அப்பா சொன்னார். அப்பா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பஸ் ஏற்றிவிடும்போது மட்டும், “இனிமே டிவியில பேசறதுன்னா வேற ஊரைச் சொல்லும்மா” என்றார். அந்தத் தை அறுவடையில் பெரிய மரக்கால் களத்துக்கு வரவில்லை. ஆச்சி அதைத் தவிட்டுப் பானைக்கு மூடியாகப் போட்டுவிட்டதாகக் கேள்வி. மிராசுதாருக்கு உண்மை எப்போதாவது தெரிந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஆனால் பாவம் அந்தத் தம்பி. ‘டிவியிலேயே சொல்லிட்டாங்களே’ என்று உரக்கடை முதல் கோயில் வரை அவரைக் கேலி செய்திருக்கிறார்கள். இரண்டு வருடம் அக்கா வீட்டுப் படி மிதிக்கவில்லை அவர். அதன்பின் என் கல்யாணத்துக்கு வந்தார். ஆச்சி கூட்டி வந்தாரா, தானாகவே வந்தாரா, தெரியவில்லை. மணமேடைக்கு நேராக வந்து, துணியில் சுற்றிய ஒன்றை என் கையில் கொடுத்தார். பித்தளைப் பூண் போட்ட ஒரு மரக்கால்.

“வாங்கவும் கொடுக்கவும் என்கிட்ட இது ஒண்ணுதான்மா இருந்துச்சு. இதையும் நீயே வச்சுக்க” என்றார்.

மாப்பிள்ளை வீட்டார் அதைச் சீர் என்று நினைத்து ரொம்பச் சந்தோஷப்பட்டார்கள். முகூர்த்த நேரத்தில் அழுத மணப்பெண்கள் நிறையப் பேர் உண்டு. வெட்கத்தில் அழுதவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். மறுவாரமே அவர் வீடு தேடிப்போய் நடந்ததை முழுக்கச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். சிரித்துவிட்டு மோர் கொடுத்தார்.

அந்த மரக்கால் இப்போது எங்கள் வீட்டில் டிவிக்குப் பக்கத்தில் இருக்கிறது; ரிமோட்டும் என் மூக்குக்கண்ணாடியும் அதில்தான் கிடக்கும். ராத்திரித் தொடரைப் பார்த்துவிட்டு, “சில இயக்குநர்கள் இருக்கிறார்கள்…” என்று நான் ஆரம்பித்தால் போதும், என் மகள் சமையலறையிலிருந்தே குரல் கொடுப்பாள்:

“அம்மா, பேரைச் சொல்லித் திட்டு. இன்னொரு மரக்கால் வைக்க வீட்டுல இடமில்ல.”